அன்றாட உணவில் நச்சுத் தனிமங்கள்: அபாயத்தை மதிப்பிடும் முறை

ஆர்செனிக், காரீயம், காட்மியம், பாதரசம் ஆகிய நான்கும் உணவின் வழியே மனித உடலிற் சேரும் நச்சுத் தனிமங்களுள் முதன்மையானவை. மண்ணிலும் நீரிலும் இவை இயற்கையாகவே சிறிதளவு கலந்திருப்பதால், இவை அறவே இல்லாத தானியமோ, காய்கறியோ, மீனோ கிடைத்தல் அரிது. ஆகவே, ஓர் உணவில் நச்சுத் தனிமம் இருப்பதாகச் செய்தி கிடைத்தவுடன் அதை விலக்கும்படி மக்களிடம் கூறுவது முறையன்று. சிறிதளவுதானே என்று பாராமுகமாக இருப்பதும் முறையன்று. நஞ்சு எவ்வடிவில் உள்ளது, நாள்தோறும் எவ்வளவு சேருகிறது, யாருடைய உடலிற் சேருகிறது என்பவற்றைக் கணக்கிட்ட பின்னரே அறிவுரை கூறுதல் வேண்டும்.

இக்கணக்கு நான்கு படிகளைக் கொண்டது. கேட்டினை இனங்காணுதல் முதற்படி. அளவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை அறிதல் இரண்டாம் படி. உட்கொள்ளும் அளவைக் கணக்கிடுதல் மூன்றாம் படி. இம்மூன்றையும் இணைத்து அபாயத்தை மதிப்பிடுதல் நான்காம் படி. மேற்கு வங்காளத்தின் நீரிலும் அரிசியிலும் காணப்படும் ஆர்செனிக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்படிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

நஞ்சு வந்த வழி

வங்காளச் சமவெளியின் கிராம மக்கள் நெடுங்காலம் குளத்து நீரையும் ஆற்று நீரையுமே பருகி வந்தனர். அந்நீரால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவியமையால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. நோய்க்கிருமிகள் குறைந்த நீர் கிடைத்தது. குழந்தைகளின் உயிர்கள் பல காக்கப்பட்டன. ஆனால் நிலத்தடி நீரில் வேறொரு கேடு மறைந்திருந்தது. 1983-ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, தம்மிடம் வந்த கிராமவாசிகளின் தோலிற் கண்ட மாறுதல்கள் ஆர்செனிக் நஞ்சால் விளைந்தவை என்று கண்டறிந்தார். பின்னர் யாதவ்பூர் பல்கலைக் கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தியும் அவருடைய குழுவினரும் கிணறு கிணறாக நீரைச் சோதித்து, மால்டா, முர்ஷிதாபாத், நதியா, இருபத்து நான்கு பர்கானா முதலிய மாவட்டங்களில் இக்கேடு பரவியிருத்தலை வெளிப்படுத்தினர்.

இந்நஞ்சு ஆலைக் கழிவால் வந்ததன்று. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், இரும்பு ஆக்சைடுத் துகள்களின்மேல் ஆர்செனிக் ஒட்டியிருக்கிறது. பிராணவாயு இல்லாத ஆழத்தில், மட்கிய பொருள்களை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அவ்விரும்பைக் கரையச் செய்கின்றன. இரும்போடு ஆர்செனிக்கும் நீரிற் கலக்கிறது.

அதே கிணற்று நீர் வயலுக்கும் பாய்கிறது. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றிலும் பிராணவாயு இல்லாமையால், அங்கும் ஆர்செனிக் கரைந்த நிலையை அடைகிறது. நெற்பயிருக்கு மணற்சத்தாகிய சிலிக்கான் மிகுதியாக வேண்டும். அதை உறிஞ்சும் வேரின் வழிகளிலேயே ஆர்செனைட்டு என்னும் வடிவமும் உட்புகுகிறது. கோதுமையைவிட நெல்லில் ஆர்செனிக் மிகுதியாகச் சேர்வதற்குக் காரணம் இதுவே. மழை நீரால் விளையும் ஆமன் நெல்லைவிட, கிணற்று நீரால் விளையும் போரோ நெல்லில் இது பொதுவாக அதிகம்.

முதற்படி: கேட்டினை இனங்காணுதல்

தனிமத்தின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அதன் இரசாயன வடிவையும் அறிதல் வேண்டும். கடல்மீனிலும் இறாலிலும் உள்ள ஆர்செனிக்கிற் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்னும் கரிமச் சேர்மமாகும். இது தீங்கின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடும். கிணற்று நீரில் உள்ளதும், வங்காள அரிசியிற் பெரும்பகுதியாக உள்ளதும் கனிம ஆர்செனிக் ஆகும்; கொடியது இதுவே. பாதரசத்தின் செய்தி இதற்கு மாறானது: மீனிற் சேரும் கரிமப் பாதரசமாகிய மெதில் பாதரசமே மூளையைத் தாக்குவது. ஆகவே ஒரு தனிமத்துக்குரிய விதியை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது.

கனிம ஆர்செனிக் பல ஆண்டுகள் உடலிற் சேர்ந்து வந்தால், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற் போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சிறு முண்டுகள் எழும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றிற் புற்றுநோய் உண்டாகலாம். அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது உறுதியான முதல் வகுப்பிற் சேர்த்துள்ளது. தோற்குறிகளைத் தொழுநோய் என்று தவறாக எண்ணி நோயாளிகளை ஒதுக்கிவைத்த கிராமங்கள் உண்டு. இது தொற்றுநோய் அன்று என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

இரண்டாம் படி: அளவும் விளைவும்

உணவுச் சேர்க்கைப் பொருள்கள் பற்றிய அனைத்துலகக் கூட்டு நிபுணர் குழு, 1988-ஆம் ஆண்டில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் வாரத்துக்கு 15 மைக்ரோகிராம் கனிம ஆர்செனிக் வரை பொறுக்கத்தக்கது என்று வகுத்திருந்தது. (ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.) அதற்குப்பின் கிடைத்த சான்றுகளால் அவ்வளவு காப்பாகாது என்று கண்டு, 2010-ஆம் ஆண்டில் அதனைத் திரும்பப் பெற்றது. நுரையீரற் புற்றுநோய் நிகழ்வை நூற்றுக்கு அரைப் பங்கு மிகுவிக்கக்கூடிய அளவின் கீழெல்லையாக, கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 3.0 மைக்ரோகிராம் என்ற எண்ணை அக்குழு தந்தது. இவ்வெண்ணைக் காப்பெல்லை என்று கொள்ளுதல் பெருந்தவறு. இது கேடு கணக்கில் தென்படத் தொடங்கும் இடம். நாம் உட்கொள்வது இதற்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நன்று.

சட்டத்துக்கும் வாணிகத்துக்கும் உரிய எல்லைகள் வேறு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு ஏற்கத்தக்க எல்லையாக லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை வகுத்துள்ளது. தீட்டிய அரிசியிற் கனிம ஆர்செனிக் கிலோகிராமுக்கு 200 மைக்ரோகிராமை மீறலாகாது என்று அனைத்துலக உணவு நெறிக் குழு 2014-இல் விதித்தது. இவ்விதிகள் பொருளைப் பற்றியவை. உண்பவர் ஒரு நாளில் எவ்வளவு உண்கிறார் என்பதை இவை அறியா.

மூன்றாம் படி: உட்கொள்ளும் அளவு

இதற்குரிய வாய்பாடு எளியது: உணவில் உள்ள நஞ்சின் செறிவை உண்ணும் அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுத்தல் வேண்டும். நாள்தோறும் 400 கிராம் அரிசி உண்டு, 4 லிட்டர் நீர் பருகும், 50 கிலோகிராம் எடையுள்ள ஓர் உழவரைக் கொள்க. அரிசியில் கிலோகிராமுக்கு 100 மைக்ரோகிராமும், கிணற்று நீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமும் கனிம ஆர்செனிக் இருப்பதாகக் கொள்க. சோறு வேகும்போது உறிஞ்சும் நீர் 0.8 லிட்டர் எனக் கொள்ளலாம்.

அரிசியால்: 0.4 × 100 = 40 மைக்ரோகிராம்.
பருகும் நீரால்: 4 × 50 = 200 மைக்ரோகிராம்.
சோறு உறிஞ்சும் நீரால்: 0.8 × 50 = 40 மைக்ரோகிராம்.
ஆகமொத்தம் 280 மைக்ரோகிராம்; கிலோகிராம் எடைக்கு 5.6.

அவ்வீட்டிலேயே 15 கிலோகிராம் எடையுள்ள குழந்தை 150 கிராம் அரிசி உண்டு, 1.5 லிட்டர் நீர் பருகுவதாகக் கொண்டால், அரிசியால் 15, பருகும் நீரால் 75, சோற்று நீரால் 15, ஆக 105 மைக்ரோகிராம் சேரும். கிலோகிராம் எடைக்கு 7.0. தந்தையைவிடக் குறைவாக உண்ணும் குழந்தையின் உடலுக்கே சுமை அதிகம் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

நான்காம் படி: அபாயத்தை மதிப்பிடுதல்

உழவரின் 5.6, முற்கூறிய 3.0 என்ற எண்ணைத் தாண்டிவிட்டது. உடனே ஆவன செய்தல் வேண்டும். ஆனால் எதை முதலிற் செய்வது? ஆர்செனிக்கே இல்லாத அரிசியை வாங்கித் தந்ததாக வைத்துக்கொண்டாலும், நீரால் வரும் 240 மைக்ரோகிராம் குறையாது, எடைவீதம் 4.8 ஆகவே இருக்கும். மாறாக, லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே உள்ள கிணற்றுக்கு மாறினால், பருகும் நீரால் 20, சோற்று நீரால் 4, அரிசியால் 40, ஆக 64 மைக்ரோகிராம். எடைவீதம் ஏறக்குறைய 1.3. ஆகவே முதற்கடமை கிணற்றை மாற்றுதல்.

கிணற்றை மாற்றிய பின்னர் நிலைமை தலைகீழாகிறது. எஞ்சிய 64-இல் 40 அரிசியால் வருவது. நல்ல நீர் கிடைத்த கிராமத்தில் அரிசியே முதன்மையான வழியாகி நிற்கிறது. நீரைச் சோதித்ததோடு பணி முடிந்ததென்று களப்பணியாளர் எண்ணலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மக்களுக்குக் கூறத்தக்கவை

1. பருகவும் சமைக்கவும் ஒரே நல்ல நீரைப் பயன்படுத்துக. பல வீடுகளில் நல்ல நீரைப் பருகுவதற்கு வைத்துக்கொண்டு, பழைய கிணற்று நீரில் உலை வைக்கின்றனர். தொடக்கப் பள்ளி மதிய உணவில் ஒரு குழந்தைக்கு 100 கிராம் தானியம் எனக் கொண்டால், அரிசியால் 10 மைக்ரோகிராம் சேரும்; சோறு உறிஞ்சும் 200 மில்லிலிட்டர் நீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இருந்தால், அதனால் மேலும் 10 சேரும். உலை நீரால் மட்டும் சுமை இரட்டிப்பாகிறது. நெல்லை அவிப்பதற்கும், சோற்றில் நீர் ஊற்றி வைக்கும் 'பாந்தா பாத்' என்னும் பழையதுக்கும் இது பொருந்தும்.

2. அரிசியை நீர் தெளியும்வரை கழுவி, ஆறு பங்கு நீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துவிடுக. இது வங்காளக் கிராமங்களின் பழைய வழக்கமே. நல்ல நீரில் இவ்வாறு சமைத்தால் அரிசியின் ஆர்செனிக்கிற் பாதியளவு வரை நீங்குவதாக ஆராய்ச்சிகளால் அறியப்பட்டுள்ளது. முன்னைய கணக்கில் 40 என்பது 20 ஆகும், எடைவீதம் 1.3-லிருந்து 0.9 அளவுக்கு இறங்கும். வடித்த கஞ்சியை மனிதர் பருகலாகாது. கஞ்சியோடு பி வகை வைட்டமின்களும் போய்விடுவதால், பருப்பு, கீரை முதலியவற்றைக் கூட்டியுண்ணச் சொல்லுதல் வேண்டும்.

3. நீரைக் காய்ச்சுவதால் கிருமிகள் அழியும், ஆர்செனிக் நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகும்.

4. வயலில் நீரை இடைவிட்டுப் பாய்ச்சினால் நெல்லில் ஆர்செனிக் குறையும். ஆனால் காய்ந்த மண்ணில் காட்மியம் மிகுதியாகப் பயிரிற் சேரலாம். ஆகவே மண்ணைச் சோதியாமல் இதனைப் பொது அறிவுரையாகக் கூறலாகாது.

5. நஞ்சுள்ள கிணற்றை மூடிவிட்டு மக்களைக் குளத்து நீருக்குத் திருப்புதல் கூடாது. பல ஆண்டுகளில் வரக்கூடிய நோய்க்கு அஞ்சி, ஒரு வாரத்தில் குழந்தையைக் கொல்லக்கூடிய வயிற்றுப்போக்கை வரவழைத்தல் அறிவுடைமை ஆகாது. மாற்று நீரைக் காட்டிய பின்னரே பழையதை விலக்கச் சொல்லுக.

களச் சோதனைக் கருவி பற்றிய எச்சரிக்கை

களச் சோதனைப் பெட்டியில், நீரில் உள்ள ஆர்செனிக் ஆர்சைன் வாயுவாக மாற்றப்படுகிறது. அவ்வாயு பாதரச புரோமைடுத் தாளை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாற்றுகிறது. ஆர்சைன் கொடிய நச்சு வாயு ஆதலால், காற்றோட்டமான இடத்தில், மாணவர்களை அப்பால் நிறுத்திச் சோதித்தல் வேண்டும். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதால், எல்லையை ஒட்டிய கிணறுகளின் நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல் நன்று. இப்பெட்டியால் அரிசியைச் சோதிக்க இயலாது.

பயிற்சி

1. எடை 60 கிலோகிராம். அரிசி 450 கிராம், செறிவு கிலோகிராமுக்கு 120 மைக்ரோகிராம். பருகும் நீர் 3 லிட்டர், செறிவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சோற்று நீரை விடுத்து, எடைவீதம் காண்க. (விடை: 54 + 30 = 84 மைக்ரோகிராம்; எடைவீதம் 1.4.)

2. மேற்கண்ட நீர் இந்தியத் தர எல்லைக்குட்பட்டது. அரிசியும் அனைத்துலக எல்லைக்குட்பட்டது. இருப்பினும் அரிசியைச் சமைக்கும் முறை பற்றி அறிவுரை கூறுதல் பயனுடையதா? காரணம் காட்டுக.

3. தம் ஊரில் ஒரு குடும்பத்தார் ஒரு நாளில் உண்ணும் அரிசியையும் பருகும் நீரையும் மாணவர்கள் அளந்து எழுதுக. நஞ்சின் செறிவை ஆய்வுக்கூடம் கூறும். உண்ணும் அளவை வீட்டில் அளந்தாலன்றி எந்தக் கணக்கும் நிறைவுறாது.