மூதூர்ப் படகும் முதற் செய்நிரலும்

திருகோணமலை

அன்புள்ள மருமகளே,

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு ஆசிரியையாக நியமனம் பெற்று, செய்நிரல் கற்பிக்கும் பயிற்சிக்குப் போகவிருக்கிறாய் என்று அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆசிரியர் தாமே மாணாக்கராய் அமர்ந்து, ஓர் அசைவூட்டத்தை ஆதியிலிருந்து ஆக்கி, அது பிழைத்துப்போவதைக் கண்டு, காரணம் தேடித் திருத்திய பின்னரே பிள்ளைகளுக்குப் போதிக்கும் யோக்கியதை பெறுகிறார் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் வகுத்த லோகோ மொழியிலேயே, கட்டளையிட்டு ஒன்றை அசையச் செய்து கற்கும் இம்முறை வேரூன்றிவிட்டது. ஆயினும் ஆசிரியப் பயிற்சிக்கு நான் முன்மாதிரியாகக் கொள்வது, அமெரிக்காவில் ராண்டி பாவ்ஷ் குழுவினர் ஆக்கிய ஆலிஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு, டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியை சூசன் ரோட்ஜர் 2008 முதல் கோடை விடுமுறைகளில் நடத்திய பயிற்சியையே. கணினி ஆசிரியரோடு கணிதம், விஞ்ஞானம், சரித்திரம், மொழி கற்பிப்போரும் அங்கே கூடி, அசைவூட்டம் செய்யப் பழகி, தத்தம் வகுப்புக்கேற்ற பாடத்திட்டங்களைத் தாமே தயாரித்தார்கள்.

அதே வழியில், நம் ஊர்ப் பிள்ளைக்கு ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளில், கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் படகொன்றைச் செய்யக் கொடு. திரையின் அகலம் 480 அலகு; இடது ஓரத்திலிருந்து 40 தடவை பத்துப் பத்து அலகாக நகரச் சொல்கிறான் பையன். ‘காத்திரு’ என்ற கட்டளையை மீள்செயலுக்கு வெளியே வைத்தானானால், படகு விருட்டென்று ஓடிப்போய் மூதூரில் நின்றபின் காத்திருக்கும். உள்ளே வைத்தால் நிதானமாகப் போகும். கட்டளை இருக்கும் ஸ்தானம் எவ்வளவு முக்கியம் என்பதை நீ நெடுநேரம் பிரசங்கித்தும் உணர்த்த முடியாது; படகு பிரத்தியட்சமாய்க் காட்டிவிடும்.

செய்நிரலை மறுபடி இயக்கப் பச்சைக் கொடியை அழுத்துகிறான். படகு புறப்படவேண்டிய இடத்தை விட்டு, முன்பு நின்ற இடத்திலிருந்தே கிளம்பி ஓரத்தில் முட்டுகிறது. இவ்விடத்தில் நீ வாய்திறக்கலாகாது. தொடக்கத்தில் படகைத் துறைக்குக் கொண்டுவரும் கட்டளை வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். சாதாரண தரத்தில் பாஸ்கல் மொழியில் செய்நிரல் எழுதும்போது மாறிக்கு ஆரம்பப் பெறுமானம் கொடுப்பது ஏன் என்ற கேள்விக்கு, அவனிடம் அப்போதே விடை இருக்கும். அந்தப் படகை நினைவூட்டிப் பாஸ்கலைத் தொடங்கு. அசைவூட்டம் வேறு, பரீட்சைப் பாடம் வேறு என்று பிரித்துவிடுவதால்தான் விளையாட்டில் கெட்டிக்காரனான பிள்ளை, எழுத்தில் அமையும் செய்நிரலைக் கண்டு அஞ்சுகிறான்.

பயிற்சியிலிருந்து திரும்பும்போது நீயே செய்த அசைவூட்டம் ஒன்றும், அதில் உனக்கு நேர்ந்த பிழைகளின் குறிப்பும் கையில் இருக்கட்டும். ஸ்கிராட்ச் இணையமின்றியும் இயங்கும். முதல் வகுப்புக்கு முன்பே எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிடு. ஒரு கணினிக்கு இரண்டு பேரை அமர்த்தி, சுட்டியை இடையிடையே கைமாற்றச் சொல். எவ்வளவு அவசரமானாலும் சுட்டியை நீ வாங்காதே.

அன்புடன்,
மாமா