முதல் சக்கர வீட்டுக்கு முதல் சாமான்கள்

அன்புள்ள தம்பி,

சிங்கப்பூரின் செம்பவாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, முதல் கேரவனை வாங்கத் துணிந்திருக்கிறாய். மலேசியாவுக்குப் போகும் பாலத்தைக் கடந்தால் தீபகற்பத்தின் தென்முனையிலிருந்து தாய்லாந்து எல்லைவரை நெடுஞ்சாலை விரிந்து கிடக்கும்போது அந்த ஆசை நியாயமானதுதான். வண்டி உறுதியானதும் "என்னென்ன வாங்க வேண்டும்?" என்று தேடுவாய். உன் கைக்கு வரும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் உல்லாசப் பயணத்துக்கென்றே 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைச் செய்வித்ததும், 1907இல் கேரவன் கிளப் தொடங்கப்பட்டதும் பிரிட்டனில்தான். அந்த நூற்றாண்டு அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உன் தேவையை முடிவுசெய்ய வேண்டியவை நம் வெக்கையும் மழையும்தான். பாதுகாப்பை அவர்களிடம் கற்றுக்கொள். வசதிக்கான கணக்கை இங்கே உட்கார்ந்து நீயே போடு. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

செம்பவாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை டிகிரிகூட இல்லை. பகலில் 31 முதல் 33 டிகிரி. இரவிலும் 23க்குக் கீழே இறங்குவது அரிது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்கு முன் அது 90ஐத் தாண்டிவிடும். இதோடு, மூடிய வண்டிக்குள் இருவர் இரவெல்லாம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் காற்றில் சேர்கிறது. உள்ளேயே சோறு வடித்தால் ஆவி இன்னும் கூடும். வெளியேற வழியில்லாத ஈரம் மெத்தையின் அடியிலும் அலமாரியின் மூலையிலும் பூஞ்சையாகப் படரும். ஆகவே முதல் செலவு காற்றோட்டத்துக்கு: மழை மூடியுடன் கூடிய கூரை விசிறி, மெத்தைக்கு அடியில் காற்று புகும் பலகைச் சட்டம், ஒவ்வொரு சன்னலுக்கும் கதவுக்கும் கொசுவலை. கொசுவலையை அலங்காரப் பொருளாக நினைத்துத் தள்ளிப்போடாதே. 2020இல் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது; அதைப் பரப்பும் கொசு பகலிலும் கடிக்கும்.

"குளிர்சாதனம் வைத்துவிட்டால் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பாய். மின்சாரக் கணக்கைப் பார். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈய-அமில வகை என்றால், அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 600. சிறிய குளிர்சாதனம் 600 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். விலை கூடிய லித்தியம் பேட்டரியிலும் இரண்டு மணி நேரம் நிற்காது. 30 வாட் விசிறியோ எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணியோடு நிறுத்திக்கொள்ளும். நம் வெக்கையில் ஒரு சிறு குளிர்பெட்டி நாளுக்குச் சுமார் 500 கேட்கும். 100 வாட் சூரியத் தகடு, மேகமும் இழப்பும் போக, நாளுக்கு ஏறத்தாழ 300 தரும். இரண்டு தகடுகளை மாட்டினாலும் விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் சற்றே பற்றாது. அந்தக் குறையை, ஓடும்போது எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி ஈடுகட்டும். குளிர்சாதனத்தை முகாமின் மின்இணைப்பில் மட்டும் நம்பலாம். அப்போதும் இரண்டு காரியம் கட்டாயம்: மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, சுருளை முழுதாகப் பிரித்துவிட்ட மின்கம்பி. சுருண்டு கிடக்கும் கம்பி சுமையேறினால் சூடேறி உருகும்.

அடுத்தது மழை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 168 நாள்கள் இடிமழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன் வந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அறையும். வெயில்நாட்டுக்கு நிழல்துணி அவசியம்தான். சமையலையும் அதன் ஓரத்தில், வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விரித்தபடியே விட்டுத் தூங்கினால் காற்று அதைக் கிழித்து, சட்டத்தை வளைத்து, சில வேளை வண்டியின் பக்கச்சுவரையும் பெயர்த்துவிடும். ஆகவே துணியோடு நீண்ட முளைகளும் இழுகயிறுகளும் வாங்கு. படுக்கும் முன் சுருட்டிவைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள். மின்னல் நேரத்தில் மரத்தடியில் நிறுத்தாதே.

இனி, பழைய பட்டியல்களிலிருந்து ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுக்க வேண்டியவை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே கசிவு உணர்கருவி தரையருகே இருக்க வேண்டும். தரையில் உள்ள காற்றுத் துளைகளைச் 'சில்லென்ற காற்று வருகிறது' என்று யாரும் அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; அதற்குத் தனி உணர்கருவி வேண்டும். கரி அடுப்பை, தணிந்த கனலாக இருந்தாலும், உள்ளே கொண்டுவராதே. கதவருகே கையெட்டும் இடத்தில் உலர்பொடித் தீயணைப்பான், அடுப்பருகே தீப்போர்வை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் மூப்படைகிறது. பள்ளம் ஆழமாகத் தெரிவதை நம்பாமல் வயதைப் பார். காற்றழுத்தமானி, சக்கரத் தடுப்புக் கட்டைகள், வண்டியைச் சமமாக நிறுத்த ஒரு ரசமட்டம்: இவை விலை குறைந்தவை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயன்படுபவை.

"எதற்கும் இருக்கட்டுமே, எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவிடலாம்" என்பது அடுத்த வாதம். எடை அதற்குப் பதில் சொல்லும். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. வண்டிக்கு விதித்த சுமையைத் தாண்டினால் நிறுத்தும் தூரம் நீள்கிறது, டயர் கொதிக்கிறது. கேமரன் மலையின் இரவு 16, 17 டிகிரிக்கு இறங்கும் என்று சொல்லி வெப்பமூட்டி வாங்கச் சொல்வார்கள். அங்கே ஆளுக்கொரு கம்பளி போதும். பாத்திரத்துக்கும் தனி முகாம் கடை தேவையில்லை. லிட்டில் இந்தியாவில் கிடைக்கும் எவர்சில்வர் அடுக்குகளும் மூன்று லிட்டர் குக்கரும் உடையாது, எரிவாயுவையும் மிச்சம் பிடிக்கும்.

செம்பவாங்வாசிக்கு வேறு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி நிறுத்துமிடங்கள் பலவற்றில் உயர வரம்பு இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டியதே; வாங்கும் முன் கூரை விசிறியையும் சேர்த்து அளந்துகொள். வண்டியில் எந்த மாற்றம் செய்வதானாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியை முதலில் பார். மற்றொன்று, எல்லை. சிங்கப்பூர்ப் பதிவுபெற்ற பெட்ரோல் வண்டி குறைந்தது முக்கால் தொட்டி எரிபொருளோடுதான் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டும். மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாத தனியார் வண்டிக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையும் மலேசியாவிலும் செல்லுபடியாகும் காப்புறுதிப் பத்திரமும் ஒரே உறையில் இருக்கட்டும்.

பார்க்கப்போனால் உன் முதல் பட்டியல் சிறியது. உயிர் காப்பவற்றை இன்றே, நல்ல தரத்தில், பேரம் பேசாமல் வாங்கு. காற்றோட்டத்துக்கும் மழைக்கும் உரியவற்றை முதல் பயணத்துக்கு முன் பொருத்து. மீதி எல்லாவற்றையும் சில பயணங்களுக்குத் தள்ளிப்போடு. ஒவ்வொரு முறை திரும்பியதும் எது கைபடாமல் கிடந்தது, எது இல்லாமல் தவித்தாய் என்று எழுதிவை. அந்தக் குறிப்பேடு, நீ போகும் பாதைக்கும் உன் வீட்டாருக்கும் பொருந்தும் பட்டியலாக வளரும். எந்தக் கடைக்காரராலும் அதை உனக்கு எழுதித் தர முடியாது.

அன்புடன்,
உன் நலம் நாடும் அண்ணன்