ஸ்பெக்ட்ரினின் வரிசையும் அதன் சுற்றமும்



சிவப்பணுச் சவ்வின் உட்புறத்தை ஒட்டி ஒரு புரத வலை விரிந்திருக்கிறது. தன் விட்டத்தைவிடக் குறுகிய தந்துகிக்குள் நசுங்கிப் புகும் சிவப்பணு, வெளியே வந்ததும் பழைய வடிவத்தை அடைவது இந்த வலையால்தான். வலையின் முக்கிய இழை ஸ்பெக்ட்ரின். 1968-இல் மார்கெசியும் ஸ்டீயர்ஸும் இதைத் தனியே பிரித்து விவரித்தார்கள். ஆல்ஃபா, பீட்டா என்ற இரு நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி நிற்பது இதன் அமைப்பு. ஆல்ஃபாவில் ஏறக்குறைய 2,400 அமினோ அமிலங்கள். பீட்டாவில் 2,100-க்குச் சற்று மேல்.

இவ்வளவு நீளமான சங்கிலியை ஒரே மூச்சில் படிக்க முடியாது. முதலில் சிவப்பணுவை உடைத்து ஹீமோகுளோபினைக் கழுவி அகற்ற வேண்டும். எஞ்சும் வெளிறிய சவ்வை உப்பு மிகக் குறைந்த கரைசலில் வைத்தால் ஸ்பெக்ட்ரின் கழன்று வந்துவிடும். சவ்வைத் துளைத்து நிற்கும் கிளைகோஃபோரின் போன்ற புரதங்கள் இதற்கு அசையா; அவற்றை எடுக்க டிடர்ஜென்ட் தேவை. பிரித்த புரதத்தை டிரிப்சின் நொதி லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றை அடுத்து வெட்டித் துண்டாக்கும். ஒவ்வொரு துண்டின் முனையிலிருந்தும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடையாளம் காண்பது எட்மன் முறை. சில பத்து படிகளுக்குப் பின் அதன் விடை மங்கிவிடும். ஆகவே வேறு இடங்களில் வெட்டும் இன்னொரு வழியில் மறுபடி துண்டாக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதிகளை வைத்துத்தான் துண்டுகளின் வரிசைக்கிரமம் முடிவாகும். பிற்காலத்தில் டிஎன்ஏ வழியாக முழு வரிசையும் எளிதாகக் கிடைத்தது. ஆனால் ஸ்பெக்ட்ரினின் இலக்கணம் பிடிபட்டது அதற்கு முன்பே.

1984-இல் ஸ்பைக்கரும் மார்கெசியும் கைவசமிருந்த துண்டுகளை அடுக்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ 106 அமினோ அமிலங்களுக்கு ஒருமுறை ஒரே பாங்கு திரும்ப வருவது தெரிந்தது. இப்படித் திரும்ப வரும் ஒவ்வொரு மடிப்பும் மூன்று சுருள்கள் சேர்ந்த ஒரு கட்டு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இரு மடிப்புகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பெரும்பாலான இடங்கள் பொருந்துவதில்லை. நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் வரும் தாளமும், அநேகமாக எல்லா மடிப்புகளிலும் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு டிரிப்டோஃபானுமே உறவைக் காட்டுகின்றன. ஒற்றுமை விழுக்காட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த உறவு தென்படவே படாது. அதே பாங்கு ஆல்ஃபா-ஆக்டினினில் நான்கு முறையும், தசையிலுள்ள டிஸ்ட்ரோபினில் 24 முறையும் வருகிறது. டிஸ்ட்ரோபின் பழுதானால் வருவது டூஷேன் தசைநலிவு. சிவப்பணுவுக்கும் தசைநாருக்கும் இடையே இப்படியோர் இரத்த உறவு இருப்பதை வரிசை ஒப்பீடே வெளிக்கொண்டுவந்தது.

கொல்கத்தா சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் அபிஜித் சக்ரவர்த்தி குழுவினர் ஸ்பெக்ட்ரினைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். மேலே சொன்ன டிரிப்டோஃபான் புற ஊதா ஒளியில் ஒளிரும். அதன் ஒளிர்வு சுற்றுப்புறத்துக்கேற்ப மாறும். ஐதராபாத் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இந்த ஒளிர்வைக் கொண்டே புரதத்தின் மடிப்பைத் துருவியது. குலைந்த பிற புரதங்கள் திரண்டு கட்டியாகாமல் ஸ்பெக்ட்ரின் தடுப்பதையும் இக்குழு காட்டியது. சிவப்பணு ஸ்பெக்ட்ரினையும் பிற திசுக்களில் உள்ள அதன் உறவுப்புரதத்தையும் யூரியா கலந்து குலைத்து, எது எவ்வளவு தாங்குகிறது என்று 2015-இல் ஒப்பிட்டார்கள். வரிசையில் நெருங்கியவை குணத்தில் எங்கே பிரிகின்றன என்பதை இத்தகைய சோதனைதான் சொல்லும்.

வங்கத்தில் இந்த வேலைக்கு நோயாளி சார்ந்த காரணமும் உண்டு. அங்கே பரவலாகக் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ என்ற மாற்றுவகையில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் 26-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் நிற்கிறது. இதனுடன் பீட்டா தலசீமியா மரபணுவும் சேர்ந்தால் கடுமையான இரத்தசோகை வரக்கூடும். ஆக்சிஜனேற்றச் சூழலில் இந்த ஹீமோகுளோபின், இயல்பானதைவிட அதிகமாக ஸ்பெக்ட்ரினோடு பிணைந்துகொள்வதைக் கொல்கத்தா குழு 2006-இல் வெளியிட்டது. ஸ்பெக்ட்ரினின் வரிசையில் மாற்றமே இல்லாதபோதும், அண்டைப் புரதம் ஒன்றின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஸ்பெக்ட்ரின் இந்தப் பிணைப்பில் அதிகம் சிக்குகிறது.