கிட்டாருக்குக் கம்பி மாற்றும் நாள்

கேள்வி: ஓரிக்கையில் தறி நெய்கிறேன். வெளியூர் வேலைக்குப் போன அண்ணன் மகன் விட்டுச்சென்ற அக்கவுஸ்டிக் கிட்டார் சில வருடங்களாக உறையிலேயே கிடந்தது. இப்போது என் மகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். கம்பிகள் கறுத்துவிட்டன, தொட்டால் கறுப்பு விரலிலும் ஒட்டுகிறது. அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு நானே சுத்தம் செய்து கம்பி மாற்றலாமா? ஆறு கம்பியையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்து வளைந்துவிடும் என்கிறார்களே? மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். பழைய கிட்டாரின் சத்தம் மங்கினால் பெரும்பாலும் குறை கம்பியில்தான் இருக்கும், மரத்தில் அல்ல. கம்பியைப் புதிதாகப் போடுங்கள். மரத்தை எவ்வளவு குறைவாகத் தொடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

கம்பி ஏன் கறுக்கிறது என்பது உங்கள் தொழிலை வைத்தே புரியும். சுத்த ஜரிகையில் பட்டு இழைமேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். கிட்டாரின் தடித்த கம்பிகளும் இதே கட்டமைப்புதான்: உள்ளே எஃகு, மேலே செம்பு கலந்த வெண்கலச் சுற்று. 1940-களில் நியூயார்க்கின் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் கம்பிகளைக் கொண்டுவரும்வரை, கிளாசிக்கல் கிட்டாரின் தடித்த கம்பிகள் பட்டு இழைமேல் உலோகம் சுற்றியே செய்யப்பட்டன. உங்கள் கம்பியின் வெண்கலச் சுற்றுகளின் இடுக்கில் விரல் வியர்வையும் அழுக்கும் புகுந்தால் செம்பு கறுக்கும், கம்பியின் எடை சீர்கெடும், நாதம் செத்துவிடும். துடைத்து மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கம்பி வாங்கும் முன் கிட்டாரைப் பாருங்கள். கம்பியை பிரிட்ஜில் (உடலின்மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்து, மெல்லிய மூன்றும் நைலானாக இருந்தால் அது நைலான் கிட்டார். அதில் எஃகுக் கம்பி போடவே கூடாது. இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். எஃகுக் கம்பி கிட்டார் என்றால், பாக்கெட்டில் 11 அல்லது 12 என்று தொடங்கும் செட் வாங்குங்கள். 12 என்றால் மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.012 அங்குலம். இந்தச் செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும். மகளின் விரலுக்கு 11 இதமாக இருக்கும்.

கழுத்து வளையும் என்ற பயம் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் கம்பி இல்லாமல் இருப்பதால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வயலினைப் போலக் கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே பிரிட்ஜ் நிற்கும் கிட்டார்களும் உண்டு. நம் நாட்டில் செய்த விலை குறைந்த பழைய கிட்டார்கள் பலவற்றில் அடிப்பக்கம் உலோகத் தகடு ஒன்று கம்பிகளைப் பிடித்திருக்கும். பிரிட்ஜ் பலகைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். உங்களுடையது அப்படியானால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிரிட்ஜ் நகர்ந்தால் சுருதியே சேராது.

பிரிட்ஜ் ஒட்டியிருந்தால் எல்லாக் கம்பிகளையும் மாறி மாறித் தளர்த்துங்கள். நன்றாகத் தொய்ந்த பிறகே வெட்டுங்கள். இழுவையோடு வெட்டினால் முகத்தில் அடிக்கும். பிரிட்ஜ் பின்களைக் கம்பி சுற்றும் கருவியான ஸ்ட்ரிங் வைண்டரில் உள்ள பள்ளத்தால் நெம்பி எடுங்கள்.

இப்போது சுத்தம். உடலுக்கு உலர்ந்த மென்துணி போதும். கறை இருந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலரத் துடையுங்கள். விரல் பலகையில் கெட்டியான அழுக்கைப் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் சுரண்டலாம். பலகையின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளைத் துலக்க விபூதி, புளி எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்: மரத்துளைகளில் தங்கித் தூசியை இழுக்கும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். வார்னிஷ் இல்லாத கருமரப் பலகை வறண்டு வெளுத்திருந்தால் மட்டும் கிட்டாருக்கென்று விற்கும் லெமன் ஆயிலை இரண்டு சொட்டு துணியில் விட்டுத் தடவி, ஐந்து நிமிடத்தில் முழுக்கத் துடைத்துவிடுங்கள். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், பசை இளகும்.

புதுக் கம்பியின் குண்டு நுனியைத் துளையில் இறக்கி, பின்னின் பள்ளம் கம்பியைப் பார்க்குமாறு செருகி, பின்னை அழுத்தியபடியே கம்பியை மேலே இழுங்கள். குண்டு உள்பலகையில் போய்ப் பிடிக்க வேண்டும்; பின்னின் அடியில் நின்றால் இழுவை ஏறும்போது பின் பிதுங்கி வெளியே வரும். மேலே இரண்டு அங்குலம் தொய்வு விட்டுச் சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். அறுந்த பாவு இழையைப் பிணைப்பதுபோல அறுந்த கம்பியை முடிச்சுப் போட நினைக்காதீர்கள்; முடிச்சு நழுவும், சுருதியும் நிற்காது.

தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டுங்கள். தடித்தது 82 ஹெர்ட்ஸ், மெல்லியது 330. செல்பேசிச் செயலி காட்டிக்கொடுக்கும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். ஒவ்வொரு கம்பியையும் நடுவில் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். முதல் இரண்டு நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அது கோளாறல்ல, கம்பி இழுபட்டுப் பழகுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். தறிக்குழி உள்ள அறையில் தரையோரம் சாய்த்து வைக்காதீர்கள். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு காகிதம் நுழையும் அளவு பிளந்திருந்தாலோ, பலகையில் விரிசல் தெரிந்தாலோ கம்பி ஏற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டை நீங்களாகத் திருக வேண்டாம்.

கடைசியாக, இரண்டாவது கம்பியிலிருந்து மகளையே போடச் சொல்லுங்கள். வாசிக்கும் முன் கை கழுவுவதும் வாசித்தபின் கம்பி துடைப்பதும் அவள் பழக்கமாகட்டும். தன் கருவியைத் தானே சுருதிக்குக் கொண்டுவரத் தெரிந்த பிள்ளைக்கு முதல் பாடம் அன்றே முடிந்துவிடும்.