காண்டின்ஸ்கியின் ஆசு ஓவியங்கள்

கொடுத்த பொருளில், கேட்ட யாப்பில் அவ்விடத்திலேயே பாடுபவனை ஆசுகவி என்பது தமிழ் மரபு. பாடும் கணம் சிறிது. அதன் பின்னே நிற்கும் பயிற்சியோ நெடிது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை அறிந்த நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அம்மாணவரே, உருவம் புலப்படாத நவீன ஓவியம் ஒன்றைக் கண்டால், 'தூரிகையை உதறிய கோலம்' என நகைத்து நகர்கின்றனர். அருவ ஓவிய முன்னோடிகளுள் ஒருவரான வாசிலி காண்டின்ஸ்கி (1866-1944) வரைந்த முறையை அறிவோர் அவ்வாறு நகையார்.

மாஸ்கோவில் பிறந்து சட்டமும் பொருளியலும் கற்ற அவர், தேடி வந்த பேராசிரியப் பதவியை மறுத்து, 1896இல் ஓவியம் பயில ஜெர்மனியின் மியூனிக் நகர் சென்றார். கலையின் ஆன்மிகத் தன்மை பற்றி அவர் எழுதிய நூல் 1911இன் இறுதியில் வெளிவந்தது. அதில் தம் ஓவியங்களை அவர் மூவகைப்படுத்துகிறார். புற இயற்கை நேரே பதித்த காட்சி முதல் வகை. அகத்திலிருந்து, பெரும்பாலும் நனவறியாமல், திடீரென வெளிப்படுவது இரண்டாம் வகை, இதுவே 'இம்ப்ரொவிசேஷன்'. அகத்தில் மெல்ல உருவாகி, பன்முறை ஆராயப்பட்டு நிறைவுறுவது 'காம்பொசிஷன்'. பின்னிரண்டும் இசைத்துறையில் வழங்கும் பெயர்கள். இரண்டாம் வகையை 'ஆசு ஓவியம்' என நாம் வழங்கலாம்.

1909 முதல் 1914 வரை இவ்வகையில் முப்பதுக்கு மேற்பட்டவற்றை வரைந்து எண்ணிட்டார். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்திலுள்ள 28ஆம் ஓவியத்தின் (1912) பெயரோடு 'இரண்டாம் வடிவம்' என்னும் குறிப்பு உள்ளது. திடீரென எழுந்ததற்கு இரண்டாம் வடிவம் எங்ஙனம்? எழுச்சி திடீரென வந்தது. அதனைத் திரையில் நிறுத்தும் வழியை அவர் தேட வேண்டியிருந்தது என்பதே விடை. இவற்றுள் பலவற்றிற்கு முன்வரைவுகள் உண்டு. குதிரைவீரன், மலை, படகு முதலியன மெல்லத் தம் உருவை இழந்து, ஒரு வளைகோடாக, ஒரு வண்ணத்திட்டாக எஞ்சுகின்றன.

நனவறியாமை என்று அவர் கூறியதற்கும் சான்றுண்டு. 1913இல் வரைந்த 30ஆம் ஓவியத்தின் மூலையில் பீரங்கிகள் தென்படுகின்றன. அதனை வாங்கிய சிகாகோ வழக்கறிஞர் ஆர்தர் எடி விளக்கம் கேட்டார். போரைத் தீட்டுவது தம் நோக்கமன்று என்றும், அவ்வாண்டு முழுதும் நிலவிய போர்ப்பேச்சே பீரங்கிகள் நுழையக் காரணமாகலாம் என்றும் காண்டின்ஸ்கி விடையெழுதினார். மறு ஆண்டே உலகப்போர் மூண்டது.

மூன்றாம் வகையிலோ நிலை தலைகீழ். ஏழாம் காம்பொசிஷனுக்கு முப்பதுக்கு மேற்பட்ட முன்வரைவுகள்! இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட அத்திரையை 1913 நவம்பர் இறுதியில் நான்கே நாளில் முடித்தார். உடனிருந்த ஓவியர் காப்ரியேலா மூன்டர் அதன் படிநிலைகளைப் புகைப்படமெடுத்தார். ஆகவே அவர் வகுத்த இவ்விரு வகைகளும் நடைமுறையில் ஒன்றனுள் ஒன்று புகுந்தன என்பதே என் கருத்து; ஆசுவில் ஆய்வும், ஆய்வின் முடிவில் ஆசுவும் உண்டு.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். 1910இல் மியூனிக்கில் இஸ்லாமியக் கலைப்பொருட்களின் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அங்குக் கண்ட பாரசீகச் சிற்றோவியங்களைக் காண்டின்ஸ்கி வியந்து எழுதினார். உருவம் தவிர்க்கும் நெறியை அவர் நம்மிடமிருந்தே பெற்றார் என இதைக்கொண்டு பெருமை பேசுதல் பொருந்தாது. அச்சிற்றோவியங்களில் மனித உருவங்கள் நிறைந்துள்ளன. அவரை ஈர்த்தது அவற்றின் வண்ணமும் அமைப்புமே.

1914 ஆகஸ்டில், ரஷ்யக் குடிமகனாதலால், அவர் ஜெர்மனியை விட்டு நீங்க நேர்ந்தது. மூன்டரிடம் தங்கிய ஓவியங்களும் வரைவுகளும், நாஜிகள் நவீன கலையை வேட்டையாடிய காலத்திலும், மூர்னாவ் ஊரில் அவர் வீட்டில் மறைத்துக் காக்கப்பட்டன. 1957இல் அவற்றை மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்திற்கு அவர் கொடையளித்தார். முன்வரைவையும் முடிந்த ஓவியத்தையும் ஒப்பிட்டுக் காண்பதற்கு இன்று பெரிதும் துணைசெய்வது அக்கொடையே.