மிளகு விற்போர் போலிக் கட்டளைகளுக்கு இரையாகாதிருக்கும் வழி

கமக்காரர்களே! கண்டியிலும் அதன் சுற்றூர்களிலும் மிளகு பயிரிடுவோருக்கு ஓராண்டு உழைப்பின் பயன் சில சாக்குகளில் அடங்கிவிடுகின்றது. ஆராயாது ஏற்கும் கொள்வனவுக் கட்டளையொன்றினால் அச்சாக்குகள் அனைத்தும் ஒரே நாளிற் பறிபோகக்கூடும்.

மோசடி நடைபெறும் முறை

ஏமாற்றுவோன் முதலிற் சிறிதளவு மிளகை வாங்கி, உடனே காசு கொடுப்பான். நம்பிக்கை பிறந்தபின், பெயர்பெற்ற கம்பனியொன்றின் பெயரை அச்சிட்ட தாளிற் பெருந்தொகைக்குக் கட்டளை அனுப்புவான். அத்தாளிலுள்ள தொலைபேசி எண் அவனுடையதே. வெள்ளிக்கிழமை மாலை, வங்கி மூடியபின் லொறி வரும். காசோலையோ, பணம் அனுப்பியதாகக் காட்டும் கைத்தொலைபேசிப் படமோ உங்களுக்குக் கிடைக்கும். திங்கட்கிழமை உண்மை வெளிப்படுமுன் மிளகு கைமாறிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. கட்டளைத் தாளிலுள்ள எண்ணை நம்பாதீர்கள். கம்பனியின் எண்ணை வேறு வழியாக அறிந்து, கட்டளை அவர்களுடையதுதானா என்று கேளுங்கள். பதிவிலக்கம் மெய்யானதாயினும், அதைக் கள்வனும் பிரதிசெய்யலாம்.

2. காசோலை பணமன்று. தொகை உங்கள் கணக்கிற் சேர்ந்ததென வங்கியே கூறும்வரை சாக்கை ஏற்றாதீர்கள்.

3. கடனுக்கென்று பேசாதவிடத்து, விலை முழுவதும் கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடமே நிறுத்திவைக்க விற்பவருக்கு உரிமையுண்டு. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் இதனை வழங்குகின்றது. பொருள் வாங்குபவர் கைக்குப் போனபின் அவ்வுரிமை நீங்கிவிடும்.

4. நிறை, தரம், விலை, லொறி இலக்கம், பொறுப்பேற்பவரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறுங்கள்.

5. மிளகை ஈரம் 12 வீதத்துக்கு மேற்படாதவாறு காயவைத்து, ஈரம்படாத இடத்திற் சேமியுங்கள். நன்கு காய்ந்த மிளகு பல மாதங்கள் கெடாது. ஆதலால், "இன்றிரவே ஏற்றவேண்டும்" என்போனின் அவசரத்துக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை.

ஏமாற்றப்பட்டால்

அன்றே பொலிசில் முறையிடுங்கள். கட்டளைத் தாள், காசோலை, தொலைபேசிச் செய்திகள் ஆகியவற்றை அழியாது வைத்திருங்கள். வஞ்சித்துப் பொருள் பெறுதல் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். கணக்கிற் பணமில்லை என அறிந்தே காசோலை எழுதுதல் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி குற்றமாகும். எனினும் கள்வன் தண்டனை பெறுவதனால் மிளகு திரும்பி வந்துவிடாது.

நேர்மையான வியாபாரி உங்கள் விசாரணையைக் குறையாகக் கொள்ளான். விசாரணைக்குச் சினப்பவனுக்கு விற்காதிருப்பதே இலாபம்.