டோஹாவில் ஆளெடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டாரில் உன் கம்பனி, வெளிநாட்டு ஆட்களை எடுப்பது, வைத்துப் பார்ப்பது பற்றி மேலாளர்களுக்கு ஒரு கைநூல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது; எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வழிகாட்டிகளை வாசி, நல்லவைதான். ஆனால் டிக்கோயாவில் தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு இந்த வேலை புதிதல்ல. உன் பாட்டன் பூட்டனை மலைக்கு ஏற்றியவர்களும் இதைத்தான் செய்தார்கள்.

அந்தத் தோட்டத் துரைமாருக்கும் கைநூல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெர்குசன் போட்ட சின்னத்துரைமாரின் தமிழ் வழிகாட்டிக்குப் பெயர் 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்று ஒன்று எழுதினார். ஆளை எப்படி ஏவுவது என்று துரைக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக வந்த புத்தகங்கள் இவை. வந்தவன் எவ்வளவு கடனோடு வந்தான் என்று விசாரிக்கும் வேலையைத் துரை, ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணியிடம் விட்டுவிட்டார். கடன் கொடுத்தவனும் கங்காணிதான்.

ஆகவே நீ கடனிலிருந்து தொடங்கு. நம் ஆட்கள் இந்தியக் கரையில் மண்டபம் முகாமிலிருந்து இந்தப் பக்கம் வந்ததே முன்பணத்தில்தான். தோட்டம் கங்காணிக்குக் கொடுக்கும், கங்காணி அதை ஆட்களின் பேரில் எழுதுவான். அரிசி, கம்பளி, வழிச் செலவு எல்லாம் அதற்குள் வரும். தேயிலைக் கொழுந்தில் கை வைக்கும் முன்பே குடும்பம் கடன்காரக் குடும்பம். 1923இல் வந்த சட்டம்தான் ஆள் சேர்க்கும் செலவைத் தோட்டச் சொந்தக்காரர்கள் கட்டும் பொது நிதியின் தலையில் போட்டது. கடன் அதோடு முழுதாக ஒழிந்துவிடவில்லை. கங்காணிக்கு வேறு வழிகள் தெரியும். என்றாலும் செலவு முதலாளியுடையது என்பது நூறு வருடத்துக்கு முன்பே இந்த மலையில் சட்டமாக எழுதப்பட்டுவிட்டது. 2019இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, பயணம், தங்குமிடம் என்று ஒவ்வொன்றாக வரையறுத்து, இவற்றின் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று சொன்னபோது எனக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை.

கட்டாரின் சட்டமும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. ஆனால் பணம் கைமாறுவது டோஹாவில் அல்லவே! கொழும்பில் இருக்கும் முகவருக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இருக்கும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவும் இருக்கும். லயத்து வாசலுக்கு வருகிறவனோ உப முகவர். அவனிடம் ஒரு கடதாசியும் இருக்காது. தோடு அடகுக்கடைக்குப் போகும், மிச்சத்துக்கு நுண்கடனோ மீற்றர் வட்டியோ. "யாராவது கேட்டால் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்" என்பதும் அவன் கொடுக்கும் பாடம்தான். அதனால் விமானம் ஏறும் முன் கேட்காதே. வந்து ஒரு மாதம் ஆகட்டும். மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது, ஆளின் மொழியில், யாருக்கு, எவ்வளவு, எங்கே புரட்டிக் கொடுத்தாய் என்று கேள். சொன்ன தொகையைக் கம்பனி திருப்பிக் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டுக் கேட்டால் அது கொடுக்க மனமில்லாதவன் பேச்சு. உலகக் கிண்ண மைதான வேலைகளில் இருந்த ஒப்பந்தக்காரர்கள் பலர் பற்றுச்சீட்டு இல்லாமலே தொழிலாளருக்குப் பணம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். உன் முதலாளி முகம் சுளித்தால் இதை எடுத்துக் காட்டு.

துண்டு என்று கேள்விப்பட்டிருப்பாய். இந்த ஆள் இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் ஒழித்தார்கள். வேலை மாறப் பழைய முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும் என்ற விதியைக் கட்டார் ஒழித்தது 2020இல். சட்டம் போய்விட்டதே என்று இருந்துவிடாதே. வேறு இடம் தேடுகிறவனை ஓடிப்போனவனாகப் பதியும் பழக்கம் எந்த மேலாளரிடமாவது இருக்கிறதா என்று பார்.

அடுத்தது உனக்குக் கசக்கும். உன் கம்பனியின் தொழிலாளர் முகாமில் கங்காணி நீதான். கங்காணிக்கு அந்தக் காலத்தில் தலைக்காசு இருந்தது; பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்குக்கு, வந்த தலை ஒவ்வொன்றுக்கும் தினம் ஒரு சிறு தொகை. காய்ச்சல்காரனையும் அடித்து எழுப்பிக்கொண்டு போனதற்கு அவனுடைய குணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அவன் சம்பளம் அப்படி அமைந்திருந்தது. உன் போனஸ் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? உன் மேற்பார்வையாளர்களின் போனஸ்? வராத ஆட்களின் எண்ணிக்கை அதில் ஒரு கணக்காக இருந்தால், வெயில் விதியை எத்தனை தரம் ஒட்டினாலும் மதில்தான் வாசிக்கும். ஜூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளிவேலை கூடாது என்பது 2021 முதல் அங்கே விதி. அதைக் காக்கும் மேற்பார்வையாளருக்குச் சம்பளத்தில் ஒரு சதமும் குறையக் கூடாது என்று கைநூலில் எழுது.

பாஸ்போர்ட் ஆளின் கையில் இருக்க வேண்டும்; பேச்சே இல்லை. சம்பளம் வங்கிக்குப் போகிறது, சரி. கழிவுகளைப் பார். 1,000 ரியால் ஆகக் குறைந்த சம்பளம் என்கிற ஊரில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அதிலிருந்து வெட்டினால், இங்கே கொழுந்து குறைந்ததென்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கடைசியாகக் கடதாசி. கோப்பிக் காலத்து ஆட்கள் அறுவடைக்கு வந்து திரும்பிப் போனவர்கள், உண்மையிலேயே தற்காலிகம். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டியிருந்ததால் தங்கினார்கள். தங்கியதை எழுதி ஆட்களின் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 1948இல் குடியுரிமை போயிற்று. 1949இல் வந்த சட்டம், மணமானவர் 1946க்கு முந்திய ஏழு வருடமும் மற்றவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. நம் ஆட்களின் வேலைக் கணக்கு செக்றோல் என்ற தோட்டப் பதிவேட்டில் இருந்தது. செக்றோல் துரையின் அலுமாரியில் இருந்தது. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, விபத்து அறிக்கை, மருத்துவத் துண்டு எதுவானாலும் தொழிலாளியின் கையில் ஒரு பிரதி போக வேண்டும், ஊரில் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தோடு அங்கே தந்ததை ஒப்பிட்டுப் பார்க்கும்படி. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். தோட்டத்துப் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று நம் பிள்ளைகள் படும் பாடு உனக்கே தெரியும்.

வரைவு முடிந்ததும் அனுப்பு. ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பாதே, தமிழிலும் சிங்களத்திலும் நேபாளியிலும் ஆட்களுக்குக் கொடுக்கப் போகும் பக்கங்களையும் சேர்த்து அனுப்பு. அப்படி ஒரு பக்கமும் இல்லையென்றால், கம்பனியிடம் இன்னும் இரண்டு மாதம் அவகாசம் கேள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உன் பெரியப்பா